ரயில் கேட்டில் உயிர் போனால் யார் பொறுப்பு? கோலாலம்பூர், பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லெவல் கிராசிங்கில் வாகனமும் ரயிலும் மோதி ஒருவர் இறந்தால், குற்ற வழக்கு, மரண விசாரணை, இழப்பீட்டு வழக்கு என மூன்று காரியங்கள் தனித்தனியாக நடக்கும். ஒன்றின் முடிவு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான். கீழே உள்ளவை தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும் பொதுவான விளக்கங்கள். உங்கள் வழக்கின் ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

கோலாலம்பூரில் ரயில் கேட்டே கண்ணில் படுவதில்லையே, இது எங்களுக்கு எதற்கு?

இரட்டைத் தடம் போட்டு மின்மயமாக்கியபோது நகரப் பகுதிகளின் கேட்டுகள் மேம்பாலமாகவும் சுரங்கப் பாதையாகவும் மாறிவிட்டன. ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் பக்கமாகப் பாடாங் பெசார் வரை போகும் 329 கிலோமீட்டர் தடமும் அப்படித்தான் கட்டப்பட்டது. லெவல் கிராசிங் இன்னும் வழக்கமான காட்சியாக இருப்பது கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை பகாங், கிளந்தான் வழியாகப் போகும் ஒற்றைத் தடத்தில். சரக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநர், கல்யாணத்துக்குப் போகும் குடும்பம், தோட்டத்து உறவினரைப் பார்க்கப் போகும் மோட்டார் சைக்கிள்காரர் என நகரத்து ஆட்கள் அங்கே போகத்தான் செய்கிறார்கள். கேட்டுக்குப் பழகாத கண் என்பதே ஓர் ஆபத்து.

நகரத்துக்குள் நடக்கும் ரயில் மரணங்கள் வேறு வகை: வேலி ஓட்டை வழியாகத் தண்டவாளத்தைக் கடப்பவர்கள். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ரயிலுக்குத்தான் எப்போதும் வழி விட வேண்டும். அப்படியென்றால் மோதியவர் மேல்தானே முழுத் தப்பும்?

வழி உரிமை ரயிலுக்கு என்பது சரி. ஆனால் அது விடையில் பாதிதான்.

ரயில் ஏன் நிற்காது என்று கணக்குப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 27.8 மீட்டர். அவசர பிரேக் வினாடிக்கு 0.7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிற்க சுமார் 550 மீட்டரும் 40 வினாடியும் ஆகும். பாரம் ஏற்றிய சரக்கு ரயிலுக்கு இன்னும் கூடும். கேட்டில் காடி நிற்பதை 200 மீட்டரில் பார்த்த ரயில் ஓட்டுநரால் ஹாரன் அடித்து பிரேக் போடுவதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. இதனால் "ஏன் நிறுத்தவில்லை" என்பது வழக்கில் அநேகமாக வீண் கேள்வி. "ஹாரன் எப்போது அடித்தார், அனுமதித்த வேகத்தில் வந்தாரா, பார்த்தவுடன் பிரேக் போட்டாரா" என்பவைதான் கேட்க வேண்டியவை.

இப்போது சாலைப் பக்கம். நீள டிரெய்லர் ஒன்று, 16 மீட்டர். நிறுத்தக் கோட்டிலிருந்து தடத்தைத் தாண்டி வால் பகுதியும் வெளியே வர மொத்தம் 27 மீட்டர் நகர வேண்டும். பாரத்தோடு நின்ற நிலையிலிருந்து கிளம்பினால் அதற்கு 13 வினாடிக்கு மேல் பிடிக்கும். அந்த 13 வினாடியில், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஏறக்குறைய 300 மீட்டர் வந்துவிடும். ஆக, நிறுத்தக் கோட்டில் நிற்கும் லோரி ஓட்டுநருக்கு இரு பக்கமும் 300 மீட்டராவது தெரிய வேண்டும். விளக்கும் தடுப்புக் கம்பமும் இல்லாத கேட்டில் லாலானும் செம்பனை மட்டைகளும் பார்வையை 120 மீட்டரில் மறைத்தால், அவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் போதாது. அந்த இடத்தில் பொறுப்பு அவரிடமிருந்து நகர ஆரம்பிக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கு வேறு சிக்கல். நம் தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர்தான். ஆனால் பெட்டியின் அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல். தண்டவாளத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் பெட்டி நீட்டிக்கொண்டு வரும். தண்டவாளத்தில் சக்கரம் படவில்லை, ஆகவே பாதுகாப்பாக நிற்கிறோம் என்று நினைத்தவரைப் படிக்கட்டு இழுத்துவிடும். நிறுத்தக் கோடு அழிந்து கிடந்ததா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் யார் யார் மேல் வழக்கு போடலாம்?

ஒரே விபத்தில் ஐந்தாறு பேர் பிரதிவாதிகளாக வர முடியும். வாகனத்தை ஓட்டியவர். அவர் வேலை நேரத்தில் ஓட்டியிருந்தால் முதலாளி. ரயிலை இயக்கும் கேடிஎம், தன் ஓட்டுநருக்கும் கேட் காவலருக்குமாக. தண்டவாளமும் நிலமும் ரயில்வே சொத்துக் கழகத்தின் பெயரில் இருப்பதால் அதுவும். சிக்னல் பராமரிப்பைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் இருந்தால் அதுவும். முன்னறிவிப்புப் பலகை, சாலைக் கோடு, வேகத்தடை, தெருவிளக்கு யார் பொறுப்போ அவர்கள்: சாலையைப் பொறுத்து பொதுப்பணி இலாகா அல்லது நகராண்மைக் கழகம்.

எல்லாரையும் இழுத்துப் போடுவது புத்திசாலித்தனமல்ல. யார் யாருக்கு எதிராக உங்கள் வழக்கு தோற்கிறதோ, அந்த ஒவ்வொரு பிரதிவாதிக்கும் நீங்கள் செலவுத்தொகை கட்ட வேண்டி வரலாம். யாருடைய எந்தக் கடமை எப்படித் தவறியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவரைச் சேர்க்க வேண்டாம்.

கேட் திறந்துதான் இருந்தது என்று சாட்சிகள் சொல்கிறார்கள். வழக்கு சுலபமா?

பலமான தொடக்கம்தான். வழக்கமாக மூடி வைக்கும் கேட்டைத் திறந்து விட்டால், "வரலாம்" என்று அழைப்பதற்குச் சமம். 1922 இல் இங்கிலாந்தில் தீர்ந்த ஒரு வழக்கில், ரயில் வரும்போது பூட்டி வைக்கும் பழக்கமுள்ள கேட் திறந்து கிடந்ததை நம்பிக் கடந்தவர் அடிபட்டார். ரயில்வே நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பானது. 1956 ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3 ஆம் பிரிவு வழியாக 7.4.1956 வரையிலான ஆங்கிலேயப் பொதுச்சட்டம் இங்கே செல்லும் என்பதால் இந்த வாதத்துக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஆனால் "திறந்திருந்தது" என்ற சொல்லுக்குள் பல நிலைமைகள் இருக்கின்றன. கம்பம் இறங்கவே இல்லையா? இறங்கி, ரயில் போனதும் ஏறி, இரண்டாவது ரயிலுக்கு மறுபடி இறங்கவில்லையா? கம்பம் மேலே இருந்தும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்ததா? மணி மட்டும் அடித்ததா? அரைத் தடுப்பு கேட்டில் கம்பம் சாலையின் பாதியைத்தான் மறைக்கும். வளைந்து வளைந்து உள்ளே போனவர் பிறகு "திறந்துதான் இருந்தது" என்று சொல்வதும் உண்டு. தானியங்கி கேட் என்றால் இறங்கிய நேரம், ஏறிய நேரம், பழுது எச்சரிக்கை மூன்றும் பதிவாகி இருக்கலாம். அந்தப் பதிவு பத்து சாட்சிகளுக்குச் சமம். அது உங்களுக்கு எதிராகவும் பேசக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

ஆளில்லாத கேட், தோட்டத்துப் பாதை என்றால்?

பாதை யாருடையது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தோட்ட நிர்வாகம் அனுமதி பெற்றுப் போட்ட தனியார் கடவை என்றால், அனுமதிப் பத்திரத்தில் பார்வையை மறைக்கும் செடிகளை வெட்டுவது, பலகை வைப்பது, காவலர் நிறுத்துவது யார் வேலை என்று எழுதியிருக்கும். அந்தப் பத்திரம் இல்லாமல் வாதாடுவது இருட்டில் தேடுவது மாதிரி. கிராமத்தார் தாங்களே சரளை கொட்டி உண்டாக்கிய சட்டவிரோதக் கடவை என்றால் நிலைமை கடினம். ஆனாலும் பல வருடமாக மக்கள் அதில் போய் வருவது ரயில்வே ஊழியர்களுக்குத் தெரியும், ஓட்டுநர்கள் அங்கே வழக்கமாக ஹாரன் அடிப்பார்கள் என்று காட்ட முடிந்தால் கடமை முழுசாக மறைந்துவிடாது.

காடி ஓட்டிய என் கொழுந்தனாரும் இறந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவருக்காக நான் யாரிடம் கேட்பது?

பயணிகளின் குடும்பங்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று சாதகம், ஒன்று பாதகம்.

சாதகம்: ஓட்டியவரின் தப்பு பயணியின் தலையில் விழாது. விபத்துக்கு ஓட்டுநர் 80 விழுக்காடு, ரயில் பக்கம் 20 விழுக்காடு பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னாலும், பயணியின் குடும்பம் முழு இழப்பீட்டையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம். கொடுத்தவர் மற்றவரிடம் தன் பங்குக்கு மேல் போனதைக் கேட்டுக்கொள்வார். சிவில் சட்டத்தின் 10 ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஆகவே "ரயில் மேல் கொஞ்சம்தானே தப்பு, விட்டுவிடலாம்" என்று பயணியின் குடும்பம் நினைக்கக் கூடாது. அந்தக் கொஞ்சம்தான் காசு வரும் வழியாக இருக்கலாம்.

பாதகம்: சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் சொந்தக் காடியில் சும்மா ஏறி வந்த பயணி அடங்கமாட்டார். வாடகைக்கு ஏறியவரும் வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றிச் செல்லப்பட்டவரும்தான் அடங்குவர். பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்று தனி இணைப்பு ஒன்று உண்டு. சில பத்து ரிங்கிட் மிச்சம் பிடிக்க அதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் வழக்கு இறந்த ஓட்டுநரின் சொத்தின் மேல்தான் போகும்.

கொழுந்தனார் மேல் வழக்கு போடுவதா என்று மனசு கூசும். இணைப்பு இருந்தால் பணம் காப்புறுதி நிறுவனத்துடையது, அவர் வீட்டாருடையது அல்ல.

கேடிஎம் எங்களிடம் ரயில் சேதத்துக்கு நஷ்டம் கேட்குமா?

கேட்கலாம். மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான பாலிசிகளில் 30 லட்சம் ரிங்கிட் வரை வரம்பு இருக்கும். ரயிலுக்கு அது போதாமல் போகலாம். வாரிசுகள் பொறுப்பேற்பது இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மட்டும். உங்கள் சொந்தச் சேமிப்பை யாரும் தொட முடியாது. கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதாமல் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். அவருக்கு என்ன தண்டனை?

பொறுப்பற்ற அல்லது ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தல் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41 ஆம் பிரிவில் குற்றம் சாட்டினால் 5 முதல் 10 வருடச் சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம், குறைந்தது 5 வருடம் லைசென்ஸ் ரத்து. இது 23.10.2020 இல் கடுமையாக்கப்பட்ட அளவு. பழைய அளவையே இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கவனம். மது, போதைப்பொருளின் தாக்கத்தில் ஓட்டி மரணம் என்றால் 44 ஆம் பிரிவு: 10 முதல் 15 வருடம், 50,000 முதல் 100,000 ரிங்கிட். இரத்தத்தில் மதுவின் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். கவனக் குறைவு என்று 43 ஆம் பிரிவுக்குக் குறைத்தால் 5,000 முதல் 10,000 ரிங்கிட் அபராதம், 12 மாதம் வரை சிறை.

ரயில் ஓட்டுநரும் கேட் காவலரும் வாகனமோட்டிகள் அல்ல. அவர்கள் மேல் வழக்கு என்றால் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவுதான் பேச்சு: அலட்சியத்தால் மரணம், 2 வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீட்டு வழக்கு நிற்கும். அங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பது போதும். எதிர்மாறாக, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அந்த ஒப்புதல் சிவில் வழக்கில் ஆதாரமாக வந்து நிற்கும். "சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர்கள் இதை யோசிப்பதில்லை.

போலீஸ் 'மேல் நடவடிக்கை இல்லை' என்று மூடிவிட்டது. இத்தோடு முடிந்ததா?

இல்லை. அந்த முடிவு குற்ற வழக்கைப் பற்றியது மட்டும். மரணத்தின் காரணம் தெளிவாக இல்லை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 339 ஆம் பிரிவின் கீழ் மரண விசாரணை நடத்தும்படி அரசு வழக்கறிஞர் உத்தரவிடலாம். குடும்பம் அதற்கு எழுத்து மூலம் கோரிக்கை வைக்கலாம். விசாரணையில் குடும்பத்தின் வழக்கறிஞர் சாட்சிகளைக் கேள்வி கேட்க அனுமதி பெற்றால், ரயில் ஓட்டுநரும் பராமரிப்பாளரும் சத்தியப் பிரமாணத்தில் சொல்வது பதிவாகும். பின்னால் வரும் சிவில் வழக்குக்கு அதைவிடப் பெரிய தயாரிப்பு இல்லை.

முதல் இரண்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உடல் இருக்கும் மருத்துவமனையில் போலீஸ் கொடுக்கும் பிரேதப் பரிசோதனை விண்ணப்பம் ('Pol 61' என்ற பாரம்) போன பிறகுதான் பரிசோதனை நடக்கும். உடலைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அவசரத்தில் பரிசோதனையை வேண்டாம் என்று கெஞ்சாதீர்கள். மரணத்தை 7 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும்.

விபத்து நடந்த மாவட்டப் போலீஸ்தான் விசாரிக்கும். கிளந்தானின் கோலக் கிராயில் நடந்த விபத்துக்குக் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ போக்குவரத்துப் போலீஸ் நிலையத்தில் போய்க் கேட்டால் கோப்பு கிடைக்காது. விசாரணை அதிகாரியின் பெயர், கைப்பேசி எண், ரிப்போர்ட் எண் மூன்றையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். பிறகு போலீஸ் ரிப்போர்ட், விபத்து வரைபடம், அதன் குறியீட்டு விளக்கம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். வரைபடம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நிறுத்தக் கோட்டிலிருந்து மோதிய இடத்துக்குள்ள தூரம். அது இல்லாத வரைபடம் அரைகுறை.

இடத்துக்கு ஒருவர் போக வேண்டும், அதே வார நாளில், அதே நேரத்தில். செடியை வெட்டுவதற்கு முன், கோட்டுக்குப் புது வண்ணம் அடிப்பதற்கு முன். விபத்துக்குப் பிறகு பராமரிப்பு வேலை மிக வேகமாக நடக்கும், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் உங்கள் ஆதாரம் போய்விடும். சாலையில் 100 மீட்டர் பின்னாலிருந்து ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு படம், காடி ஓட்டுநரின் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.1 மீட்டர். லோரி என்றால் இரண்டு மீட்டருக்கு மேல். நிறுத்தக் கோட்டில் நின்று இடமும் வலமும் படம். அளவு நாடா தெரியும்படி சாலை மேடு, அது உயர்ந்த கூனாக இருந்து தாழ்வான டிரெய்லரின் வயிறு தட்டும் இடமா என்று. மணி, விளக்கு, பலகை எல்லாம் தேதியோடு. தண்டவாளத்தில் கால் வைக்க வேண்டாம். அது குற்றம், மின்தடம் என்றால் மேலே 25,000 வோல்ட்.

அப்புறம் கடிதம். உங்கள் வழக்கறிஞர் ரயில் நிறுவனத்துக்கும் மற்றவர்களுக்கும் "அழிக்காமல் வைக்கவும்" என்று எழுதி, எதையெல்லாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்: ரயிலின் வேகப் பதிவுக் கருவியின் தரவு, முன் கேமரா இருந்தால் அதன் காட்சி, கேட்டின் இயக்கப் பதிவு, கட்டுப்பாட்டு அறை வானொலிப் பேச்சு, காவலரின் பணிப் புத்தகம், மணி, விளக்குகளின் பராமரிப்புக் குறிப்பேடு, அதற்கு முந்தின சில மாதங்களில் அந்தக் கேட்டைப் பற்றி வந்த புகார்கள். கேமராக் காட்சி பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும். கடிதம் போயும் தராவிட்டால் வழக்கு தொடுப்பதற்கு முன்பே ஆவணம் கேட்க நீதிமன்ற விதிகள் 2012 இன் உத்தரவு 24 விதி 7ஏ வழி செய்கிறது.

அக்கம்பக்கத்துக் கடைக்காரரின் கேமரா, பின்னால் வந்த வாகனத்தின் டேஷ்கேம், இவற்றை போலீஸ் எடுக்கும் வரை காத்திருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு எப்படி?

சிவில் சட்டத்தின் 7 ஆம் பிரிவுதான் அடிப்படை. 1.9.2019 முதல் சில எண்கள் மாறின. வருவாய்க் கணக்கின் வயது வரம்பு 55 இலிருந்து 60 ஆனது, துயர இழப்பீடு 10,000 இலிருந்து 30,000 ரிங்கிட் ஆனது.

இறந்தவருக்கு 30 வயது அல்லது அதற்குக் கீழ் என்றால் பெருக்கும் எண் 16. வயது 31 முதல் 59 வரை என்றால் 60 இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயது லோரி ஓட்டுநர், கையில் 3,500 ரிங்கிட் சம்பளம், அதில் 1,200 அவருடைய சொந்தச் செலவு. குடும்பத்துக்குப் போனது 2,300. அதை 12 ஆல், பிறகு 10 ஆல் பெருக்கினால் 276,000. துயர இழப்பீடு 30,000. ஈமச் சடங்குச் செலவு 8,000 என்று வைத்தால் மொத்தம் 314,000 ரிங்கிட். அவர் பக்கம் 30 விழுக்காடு தப்பு என்று 12 ஆம் பிரிவின்படி முடிவானால் கைக்கு வருவது 219,800.

சண்டை பெரும்பாலும் அந்த 2,300 இல்தான். ஓவர்டைம், டிரிப் காசு எல்லாம் ரொக்கமாக வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு, முதலாளியின் கையெழுத்துள்ள பட்டியல், வீட்டு வாடகைக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று துண்டு துண்டாகத்தான் நிரூபிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் குறைத்துக் காட்டியவர் நீதிமன்றத்தில் கூட்டிக் காட்ட முடியாது. கோயில், ஐயர், பூ, உடலைக் கொண்டுவந்த வேன் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள். துக்க நாளில் யாரும் வாங்குவதில்லை, ஆகவே வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

ஆயுள் காப்புறுதி, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்தை இதிலிருந்து கழிக்க முடியாது.

இறந்தவர் வேலைக்குப் போகாத அம்மா. அல்லது பள்ளிப் பிள்ளை. அல்லது 65 வயது தாத்தா.

சட்டம் இந்த மூவரிடமும் கருமியாகவே நடந்துகொள்கிறது. மனைவியின் பணிவிடை போயிற்று என்பதற்காக மட்டும் கணவருக்கோ, பிள்ளையின் உழைப்பு போயிற்று என்பதற்காக மட்டும் பெற்றோருக்கோ இழப்பீடு கிடையாது. 60 நிறைந்தவருக்கு எதிர்கால வருவாய் இழப்பும் கிடையாது. துயர இழப்பீடும் ஈமச் செலவும்தான் மிஞ்சும். அந்த 30,000 ஒரு மரணத்துக்கு ஒரே தொகை, ஆளுக்கு ஒன்று அல்ல. வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்ற, தையல் வேலை செய்த அம்மாவுக்கு வருமானம் இருந்தது என்று காட்ட முடிந்தால் கதை மாறும்.

எத்தனை நாளைக்குள் வழக்கு போட வேண்டும்?

சார்ந்திருப்போர் கோரிக்கைக்கு, அதாவது இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தார் கேட்கும் இழப்பீட்டுக்கு, மரண நாளிலிருந்து 3 வருடம். அரசு அமைப்புகள் மேல் என்றால் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 36 மாதம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவற விட்டால் திரும்ப வாங்க முடியாது. வாகனக் காப்புறுதி நிறுவனத்துக்கு வழக்கு போடுவதற்கு முன்போ, போட்ட 7 நாளுக்குள்ளோ நோட்டீஸ் போயாக வேண்டும். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96 ஆம் பிரிவு கேட்பது அது. இது தவறினால் தீர்ப்பு உங்கள் கையில், பணம் அவர்கள் கையில்.

இறந்தவரின் சொத்துச் சார்பான கோரிக்கைக்கு, அந்தச் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகப் பத்திரம் தேவை, அது சில மாதங்கள் எடுக்கும். சார்ந்திருப்போர் கோரிக்கையை, உயில் நிர்வாகி இல்லாதபோது, மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் தாங்களே தொடுக்கலாம்.

எந்த நீதிமன்றம்? கிளந்தானுக்கு அலைய வேண்டுமா?

விபத்து நடந்த இடத்திலோ பிரதிவாதி தொழில் நடத்தும் இடத்திலோ தொடுக்கலாம். கேடிஎம் தலைமையகம் கோலாலம்பூரில் இருப்பதால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் தொடுக்க இடமுண்டு. சாட்சிகள் எல்லாரும் கிளந்தானில் இருந்தால் வழக்கை அங்கே மாற்றச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கும்.

மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே இல்லை. மற்ற வழக்குகளில் 10 லட்சம் ரிங்கிட் வரைதான். ரயில் மோட்டார் வாகனமல்ல என்ற வாதம் வரும். ரயில் தரப்பை மட்டும் எதிர்த்து 10 லட்சத்துக்கு மேல் கேட்பதானால் உயர்நீதிமன்றத்தை யோசியுங்கள்.

செந்தூலில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர் அடிபட்டார். அத்துமீறியவருக்கு ஒன்றும் கிடைக்காதா?

பெரியவர், தெரிந்தே வேலி தாண்டினார் என்றால் பெரும்பாலும் கிடைக்காது. குழந்தை என்றால் வேறு. 1972 இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்த்த ஹெரிங்டன் வழக்கில், உடைந்து கிடந்த வேலி வழியாகப் போய் மின்தண்டவாளத்தில் கருகிய ஆறு வயதுப் பையனுக்கு ரயில்வே பொறுப்பானது. வேலி உடைந்ததும் பிள்ளைகள் உள்ளே வருவதும் தெரிந்திருந்தும் சரி செய்யவில்லை என்பதே காரணம். இங்கே அது கட்டாயம் பின்பற்ற வேண்டிய தீர்ப்பல்ல, ஆனால் எடுத்துக்காட்டலாம். ஓட்டை எத்தனை நாளாக இருந்தது, யார் புகார் கொடுத்தார்கள், புகாருக்கு என்ன பதில் வந்தது, இந்த மூன்றில்தான் வழக்கு இருக்கிறது. அடுக்குமாடி குடியிருப்பாளர் சங்கம் எப்போதோ அனுப்பிய ஒரு புகார்க் கடிதத்தின் நகல் பெரிய சொத்து.

வேலைக்குப் போகும் வழியில் நடந்தது. சொக்சோ தருமா?

வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழியில் நடந்தால் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சொக்சோ கணக்கிடும் தினசரித் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவருக்கு, ஐந்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. யார் தப்பு என்ற கேள்வி இதில் எழாது, ஆகவே முதலில் இதைப் பாருங்கள். சாப்பாடு டெலிவரி, இ-ஹெய்லிங் ஓட்டியவர்கள் 2017 ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவார்கள், சந்தா கட்டியிருந்தால். பாதை விலகினால் சிக்கல்: கடைக்குப் போகத் திரும்பிய வழியில் என்றால் விசாரிப்பார்கள். சொக்சோ வாங்கினால் முதலாளி மேல் வழக்கு போட முடியாது, ரயில் தரப்பு மேல் போடலாம்.

மருத்துவமனையிலேயே ஒருவர் வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடுங்கள்' என்றார்.

போடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் தரகர்கள் வார்டு வாசலிலேயே நிற்பார்கள். வருகிற இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு எனக்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை 1976 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112 ஆம் பிரிவு தடுக்கிறது. அப்படிப் பேசுகிறவர் வழக்கறிஞராக இருக்க வாய்ப்பு குறைவு. வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறது.

காப்புறுதி நிறுவனமோ ரயில் தரப்போ "அனுதாபத் தொகை" என்று கொடுக்க வந்தால், கூடவே நீட்டும் தாளின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரி இருந்தால், 3,000 ரிங்கிட்டுக்காக மூன்று லட்ச வழக்கை விட்டுக் கொடுப்பதாக ஆகிவிடும். பணத்தை வாங்க வேண்டும் என்றால், "கோரிக்கைக்குப் பாதிப்பில்லாமல் பெற்றுக்கொண்டது" என்று எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் யாரும், தாயே ஆனாலும், பேசி முடித்துவிட முடியாது.